கிந்தா கரைக் கதை – 9: பலகை ஊரில் பலகை இல்லாத ஆஸ்பத்திரி

தஞ்சோங் ரம்புத்தான் என்று ஊர்ப்பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவரின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். ஜொகூரில் சொன்னாலும் வரும், கெடாவில் சொன்னாலும் வரும். "ஓ, அங்கேயிருந்தா?" என்பார்கள். எனக்குப் பழகிவிட்டது.

சென்ற வாரம் அந்தச் சிரிப்புக்குக் காரணமான கட்டடத்துக்குள் போய் வந்தோம். 1911இல் மனநோயாளர் விடுதியாகத் திறந்தார்கள். 1928இல் அது மத்திய மனநோய் ஆஸ்பத்திரி ஆனது. 1971இல் 'பஹாகியா' என்று பெயர் வைத்தார்கள். மகிழ்ச்சி என்று அர்த்தம்.

ஜப்பான் காலத்தில் அங்கே இருந்தவர்களில் பெருந்தொகையினர் பசியிலும் சீக்கிலும் மாண்டுபோனதைப் பார்த்தோம். பதிவேட்டில் அவர்களுக்குப் பெயர் இருந்தது, எண் இருந்தது, வார்டும் இருந்தது. சோறும் மருந்தும்தான் இல்லை.

இந்த வாரம் நாம் போகும் ஆஸ்பத்திரிக்குப் பதிவேடே கிடையாது. நோயாளியின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தால்கூடப் போதும், எழுதியவருக்கும் எழுதப்பட்டவருக்கும் தலை போயிருக்கும்.

*

நம் ஊர் ஈப்போவுக்கு வடகிழக்கே இருக்கிறது. ஈப்போவைக் குறுக்கே கடந்து தென்மேற்கே பத்து காஜா பக்கம் போனால் பூசிங் வரும். அதை ஒட்டி மலையடிவாரத்தில் பாப்பான் என்று ஒரு சின்ன ஊர்.

பெயரைக் கேட்டு நம் ஆட்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். மலாயில் 'பாப்பான்' என்றால் பலகை. ஈயம் தோண்ட வந்தவர்களுக்கு முன்பே மரம் அறுக்க வந்தவர்கள் வைத்த பெயர். பிறகு ஈயலம்பம் வந்தது, சீனர்கள் வந்தார்கள், சுமத்ராவிலிருந்து மண்டாய்லிங்காரர்கள் வந்தார்கள், கடைவரிசை எழும்பியது. ஈயம் தீர்ந்ததும் ஊரும் தீர்ந்தது. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் மெயின் ஸ்ட்ரீட்டின் பாதிக் கடைவீடுகள் கூரை இல்லாமல் நிற்கின்றன. சுவரைப் பிளந்துகொண்டு ஆலவேர் இறங்கியிருக்கிறது.

அந்த வரிசையில் 74ஆம் எண் வீடு இன்னும் கதவோடும் ஓடோடும் இருக்கிறது. இப்போது அது சிறிய நினைவில்லம். இரண்டு மாடி, குறுகலான முகப்பு. உள்ளே போனால் வீடு பின்பக்கம் நீண்டுகொண்டே போகும். மாடிப்படிக்குக் கீழே தரையில் ஒரு குழி. அதைக் கடைசியில் பார்ப்போம். பின்வாசலைத் திறந்தால் அந்தக் காலத்தில் காய்கறித் தோட்டம். தோட்டத்துக்கு அப்பால் புதர், புதருக்கு அப்பால் மலைக்காடு.

நான் போனபோது முன்வாசலில் அதிக நேரம் நிற்கவில்லை. இந்தக் கதைக்கு வாசல் பின்பக்கம்தான்.

*

போர்க்காலத்தில் வீட்டை ஆஸ்பத்திரியாக்குவது உலகத்துக்குப் புதிதல்ல. முதல் உலகப் போரில் இங்கிலாந்தில் பிரபுக்கள் தங்கள் கிராமத்து மாளிகைகளைத் திறந்துவிட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் அமைப்பும் சேர்ந்து 3,000க்கும் மேற்பட்ட துணை ஆஸ்பத்திரிகளை நடத்தின. ஹைகிளேர் கோட்டையில் கார்னர்வன் சீமாட்டி அல்மினா, ரோத்ஸ்சைல்டு பணத்தில் 1914இலேயே கட்டில் போட்டுவிட்டார். டன்ஹம் மாஸி மாளிகையில் 1917 முதல் 1919 வரை சிகிச்சை பெற்றவர்கள் 282 பேர். நூறு வருஷம் கழித்தும் அந்தக் கணக்கு சுத்தமாக இருக்கிறது.

நடனக்கூடத்தில் கட்டில், நீலச் சட்டையும் சிவப்புக் கழுத்துத்துணியுமாக நோயாளிகள், தொண்டுத் தாதிகளாகப் பக்கத்து ஊர்ப் பெண்கள், வாசலில் கொடி. எல்லாரும் சேர்ந்து புகைப்படம் வேறு எடுத்துக்கொண்டார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதே போரில், 1915 ஜூலையில், கலிப்போலி போர்முனையில் தைப்பிங்கில் பிறந்த ஒரு வாலிபன் செத்தான். பிரிட்டிஷ் படைச் சிப்பாய், பெயர் மைக்கேல் டேலி. எந்த மாளிகையின் கட்டில் வரைக்கும் அவன் வந்து சேரவில்லை.

அவனுடைய தங்கைதான் பாப்பான் வீட்டுக்காரி.

*

சிபில் டேலி 1899 செப்டம்பர் 3ஆம் தேதி சுமத்ராவின் மேடானில் பிறந்தார். அப்பா ஐரிஷ் வழிவந்த தோட்டத் துரை, அம்மா யுரேசியர், மருத்துவிச்சி. சிபிலும் தாதியாகவும் மருத்துவிச்சியாகவும் பயின்றார். கண்டோனீஸ் சரளமாகப் பேசுவார். கிந்தாவில் அந்த மொழி தெரிந்தவருக்கு எந்த வீட்டுக் கதவும் திறக்கும்.

அவர் கட்டிக்கொண்டது நம் ஆளை. தைப்பிங்கில் 1892இல் பிறந்த டாக்டர் ஆறுமுகம் கணபதிப் பிள்ளை. மாப்பிள்ளை இந்து, பெண் கத்தோலிக்கர் என்பதால் பெண் வீட்டில் முதலில் முணுமுணுப்பு. கடைசியில் 1919 ஜனவரி 7ஆம் தேதி கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அப்டன் கிளமென்ட் கார்த்திகேசு ஆனார். ஆங்கிலப் புத்தகங்களில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு அவர் தமிழர் என்பதே தெரியாமல் இருப்பவர்கள் நம்மிடையே ஏராளம்.

தலைப்பிள்ளை ஆண். செத்துப்போன அண்ணன் பெயரையே வைத்தார் சிபில். மைக்கேல் பத்தொன்பது மணி நேரம் உயிரோடு இருந்தான். அதன்பிறகு வில்லியம் பிள்ளை என்ற சிறுவனை வளர்ப்பு மகனாக எடுத்துக்கொண்டார்கள். 1921இல் ஒல்கா பிறந்தாள். பதினைந்து வருஷம் கழித்து, 1936 செப்டம்பரில், கடைக்குட்டி டோன்.

1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலை 141ஆம் எண்ணில் டாக்டரின் கிளினிக். இன்றைய சுல்தான் இட்ரிஸ் ஷா சாலைதான் அது. டாக்டர் நோயைப் பார்ப்பார், மிஸ்ஸி பிரசவம் பார்ப்பார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. தாதியை நம் ஆட்கள் இன்றைக்கும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாப்பானில் சீனர்களும் அவரை அப்படியே அழைத்தார்கள்.

*

1941 டிசம்பர் 8. கோத்தா பாருவில் ஜப்பான்காரன் கரையேறினான். சில நாளில் ஈப்போவின் மேல் குண்டு விழுந்தது.

பட்டணம் காலியானது. பணக்காரர்கள் தெற்கே ஓடினார்கள், தோட்டத்துத் துரைமார்கள் சாவியைக் கிராணியிடம் கொடுத்துவிட்டுக் கார் ஏறினார்கள். லயத்து ஜனங்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களுக்கு எங்கே போவது?

கார்த்திகேசு குடும்பமும் கிளம்பியது. ஆனால் சிங்கப்பூருக்கல்ல, பாப்பானுக்கு. ஜப்பான் படை டிசம்பர் கடைசி வாரத்தில் ஈப்போவுக்குள் நுழைவதற்குச் சில நாள் முன்பு 74ஆம் எண் வீட்டில் சாமான் இறங்கியது.

குண்டுக்குப் பயந்து வந்த குடும்பம் அது. அங்கே வந்து யாரையும் எதிர்க்கப் போகிறோம் என்று அந்த வீட்டில் ஒருவரும் திட்டம் போட்டிருக்க முடியாது.

*

பகலில் அது வெறும் டிஸ்பென்சரி. காய்ச்சல்காரன், வயிற்றுப்போக்குப் பிள்ளை, பிள்ளைத்தாய்ச்சி. எந்த ஜப்பான் அதிகாரி வந்து பார்த்தாலும் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த வருஷங்களில் கிந்தாவில் என்ன சீக்கு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பர்மா அரிசி வருவது நின்றது. ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கில் பிழைத்தார்கள். சத்து இல்லாமல் கால் வீங்கியது, பெரிபெரி. காலில் சின்ன முள் கிழித்தால் போதும், ஆறாமல் எலும்பு தெரிகிற அளவுக்குப் புரையோடும். மலேரியா சொல்லவே வேண்டாம். உலகத்துக் கொய்னாவில் பெரும்பங்கு ஜாவாவில் விளைந்தது. அந்த ஜாவா ஜப்பான்காரன் கையில். பக்கத்துத் தீவில் மலைபோல மருந்து, இங்கே மாத்திரைக்கு வழியில்லை. பெனிசிலின் மலாயாவை இன்னும் எட்டவில்லை. ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் கடைக்காரன் உதட்டைப் பிதுக்குவான்.

தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். வெள்ளைக்காரன் காலத்தில் சட்டத்துக்குப் பயந்தாவது தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்தது, டிரெஸர் இருந்தார், ஒரே புட்டியிலிருந்து எல்லாருக்கும் ஊற்றுகிற அந்தக் கலக்கு மருந்தாவது இருந்தது. துரை போனான், மருந்தும் போனது. 1943இல் சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடிக்க லாரி வந்தபோது அந்த லயங்களில் திடமாக நின்றவர்களைத்தான் ஏற்றினார்கள். மிச்சம் இருந்தவர்கள் கிழவர்களும் நோயாளிகளும் பிள்ளைகளும்.

இப்படிப்பட்ட காலத்தில் ஒரு டாக்டரும் ஒரு மிஸ்ஸியும் ஒரு பெட்டி மருந்தும் இருக்கும் வீடு என்றால் சும்மாவா? மலைக்காட்டில் இருந்தவர்களுக்கும் அந்தச் சேதி எட்டியது.

*

காட்டில் இருந்தவர்கள் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர். பேராக்கில் இருந்தது அதன் ஐந்தாம் படைப்பிரிவு. பெரும்பாலும் சீன வாலிபர்கள், கம்யூனிஸ்டுகளின் தலைமை. போருக்குப் பின் இவர்களையே ஆங்கிலேயன் வேட்டையாடினான், இவர்களும் தோட்டங்களில் ரத்தம் சிந்த வைத்தார்கள். அதற்கு இந்தத் தொடரில் இன்னும் பல வாரம் இருக்கிறது. 1942இல் பாப்பான் வீட்டுப் பின்வாசலைத் தட்டியவர்கள் குண்டடி பட்டவர்கள். அவ்வளவுதான் கணக்கு.

இரவில் வந்தார்கள். மலையிலிருந்து இறங்கி, காய்கறிப் பாத்திகளுக்கு நடுவே நடந்து, பின்வாசல் வழியாக.

கத்தோலிக்கப் பெண். மேரி மாதாவின் முன் தினம் மண்டியிடுபவர். கடவுள் இல்லை என்கிற கட்சிக்காரனின் தொடையில் கட்டுப் போடுகிறார். சேர்ந்துகொள்ளும் நியாயம் இல்லைதான். ஆனால் மருத்துவிச்சியின் மகளுக்குக் கதவு தட்டும் ஓசை புதிதல்ல. நடுச்சாமத்தில் யார் தட்டினாலும் எழுந்து போகிற தொழில் அது. எந்தச் சாதி, எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டு எந்த மருத்துவிச்சி பிள்ளை பிடிப்பாள்?

டாக்டர் குண்டுகளை எடுத்தார். சிபில் புண்ணைக் கழுவினார், கட்டினார், மருந்து கொடுத்தனுப்பினார்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். ரகசியமாக வைத்தியம் பார்ப்பது என்றால் நமக்குக் கத்தியும் விளக்கும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குத் தோன்றுவது வேறு. கட்டு அவிழ்த்த துணியை என்ன செய்வது? அந்தக் காலத்தில் கட்டுத் துணியைத் தூக்கி எறிய முடியாது, துணியே பஞ்சம். துவைத்து, வெந்நீரில் அவித்து, உலர்த்தித் திரும்பக் கட்ட வேண்டும். கொடியில் நீளநீளமாக வெள்ளைத் துணி தொங்கினால் தெருவே எண்ணிப் பார்க்கும். பகலில் வந்த நோயாளி நாலு பேர், கொடியில் பன்னிரண்டு கட்டு என்றால் கணக்கு உதைக்கும். மருந்தும் அப்படியே. காய்ச்சல்காரனுக்குக் கொடுத்தது எவ்வளவு, அலமாரியில் குறைந்தது எவ்வளவு?

துப்பாக்கிக் காயத்துக்குப் பொய் சொல்லவும் முடியாது. விறகு வெட்டினேன், மரத்திலிருந்து விழுந்தேன் என்று சொல்லித் தப்பலாம் என்றால், குண்டு நுழைந்த துளை எந்த ஊரிலும் வட்டமாகத்தான் இருக்கும்.

ஆகவே அந்த வீட்டைக் காப்பாற்றியது பூட்டல்ல. மெயின் ஸ்ட்ரீட். எதிர்வீட்டுக்காரன் பார்த்திருப்பான். பாத்திக்குத் தண்ணீர் ஊற்றும் கிழவி காலடித் தடத்தைப் பார்த்திருப்பாள். இருந்தும் ஒன்றரை வருஷம் அந்தக் கதவு தட்டப்பட்டது, திறந்தது. நாற்பது ஆண்டு கழித்து, 1984இல், இதே ஊருக்குப் பக்கத்தில் கதிரியக்கக் கழிவைப் புதைக்க ஒரு தொழிற்சாலை முனைந்தபோது பாப்பான்காரர்கள் தெருவில் இறங்கிக் கத்திக் கூச்சல் போட்டார்கள். ஜப்பான் காலத்தில் அவர்கள் வாய் திறக்கவில்லை. எப்போது பேச வேண்டும், எப்போது கூடாது என்று இந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

எத்தனை பேருக்கு அங்கே வைத்தியம் நடந்தது? டன்ஹம் மாஸிக்கு 282. பாப்பானுக்கு எண் கிடையாது. யாரும் எண்ணாததுதான் அந்த நோயாளிகளுக்குப் போட்ட முதல் கட்டு.

*

இப்போது மாடிப்படிக்குக் கீழே வாருங்கள்.

அந்தக் குழியில் இருந்தது மருந்தல்ல, வானொலி. சிற்றலை வானொலிப் பெட்டிகளை ஒளித்து வைத்துக்கொண்டு சிபில் இரவில் பி.பி.சி. கேட்டார். ஜப்பான் ஆட்சியில் வெளிநாட்டு வானொலி கேட்பவனுக்கு மரண தண்டனை வரை உண்டு.

ஜப்பான் பத்திரிகைகளைப் படித்தால் ஆங்கிலேயன் கதை முடிந்தது, அமெரிக்கன் கப்பல் எல்லாம் கடலுக்கடியில். குழிக்குள் இருந்த பெட்டி வேறு சேதி சொன்னது. அந்தச் சேதி வாய்வழியாக ஊருக்குள் போனது, பின்வாசல் வழியாகக் காட்டுக்கும் போனது.

அவர் செய்ததில் தவறு என்று நான் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். வைத்தியத்தை ஒரு வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். சேதி ஒரு வீட்டுக்குள் நிற்காது. நல்ல சேதி நிற்கவே நிற்காது. குழிக்குள் கேட்டது நாலு வாய் மாறிச் சந்தைக்கு வந்தால், அது எந்தப் படிக்கட்டின் கீழிருந்து கிளம்பியது என்று தேடுபவனும் வருவான். ஆனால் 1942இன் கும்மிருட்டில், போர் இன்னும் முடியவில்லை என்ற ஒரு வார்த்தை எத்தனை பேரைச் சாகாமல் வைத்திருந்தது என்பதை, வானொலியை அணைக்க முடியாமல் தவிக்கிற காலத்தில் இருந்துகொண்டு நான் எடை போடுவது சரியில்லை.

*

1943 நடுவில் வலை இறுகியது.

ஈப்போவில் செயின்ட் மைக்கேல் பள்ளிக்கூடம் ஜப்பானியரின் பேராக் நிர்வாகத் தலைமையகமாகியிருந்தது. கெம்பெய்தாய் என்ற ராணுவப் போலீஸ் காட்டுக்காரர்களுக்கு உதவியவர்களை ஒவ்வொருவராகப் பொறுக்கியது. பிடிபட்டவன் அடுத்தவன் பெயரைச் சொல்லும் வரை விடமாட்டார்கள். தண்ணீர், மூங்கில், பழுக்கக் காய்ச்சிய இரும்பு. தெரிந்த வித்தைகள்தான்.

முதலில் டாக்டரைக் கொண்டுபோனார்கள். வில்லியமும் தப்பவில்லை.

வீட்டில் சிபில் இருந்தார். வயதான அம்மா இருந்தார். இருபத்திரண்டு வயது ஒல்கா, ஆறு வயது டோன். பின்வாசல் இன்னும் திறந்துதான் இருந்தது. காய்கறிப் பாத்திகள் அங்கேயே இருந்தன, பாதை காட்டுக்குத்தான் போனது. வழி காட்ட ஆளும் இருந்தார்கள். ஒன்றரை வருஷமாக யாருக்கெல்லாம் கட்டுப் போட்டாரோ, அவர்கள் மலையில் அவருக்கு இடம் கொடுக்கத் தயார்.

தான் போய்விட்டால் உள்ளே இருக்கும் கணவனுக்கும் மகனுக்கும் என்ன ஆகும்? 74ஆம் எண் வீடு காலியாக இருப்பதைப் பார்த்தால் மெயின் ஸ்ட்ரீட்டில் மற்ற வீடுகளுக்கு என்ன ஆகும்? ஆள் கிடைக்காத ஊரை ஜப்பான்காரன் எப்படிக் கேள்வி கேட்பான் என்பது மலாயாவில் எல்லாருக்கும் தெரியும்.

சிபில் போகவில்லை.

ஆகஸ்டில் வந்து அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். முன்வாசல் வழியாக.

*

ஈப்போவில் அவருக்காகக் காத்திருந்தவன் யொஷிமுரா, கெம்பெய்தாய் சார்ஜண்ட். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த வீட்டில் எழுதப்படாமல் போன பதிவேடு. யார் வந்தார்கள், என்ன காயம், எங்கே இருக்கிறார்கள். அந்தப் பதிவேடு இப்போது ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணின் நினைவில்.

நடந்ததைச் சிபிலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற அவருடைய புத்தகம் அவர் இறந்து ஆறு வருஷம் கழித்து, 1954இல் வெளிவந்தது. அதில் சில பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

அடித்துப் பார்த்தான். தண்ணீரை வயிறு முட்ட ஊற்றிப் பார்த்தான். முதுகெலும்பு கெட்டுப்போகிற அளவுக்குப் போய்ப் பார்த்தான். பதிவேடு திறக்கவில்லை.

அதன்பிறகு ஒருநாள் ஒரு மரத்தடியில் கயிறும் அடுப்புக்கரியும் தயாரானது. டோனை அங்கே கூட்டிக்கொண்டு வரச் சொன்னான் யொஷிமுரா.

அந்த மரத்தடியில் ஒரு தாய் என்ன சொன்னாள், அந்தச் சின்னப் பெண் என்ன சொன்னாள்?

(அடுத்த வாரம்)